கைமாறும் கார்: பொருளின் நிலைபேறும் விற்பவரின் வாய்மையும்

நெடுங்காலம் ஒரே உரிமையாளரிடம் இருந்து, இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், இருக்கை, வண்ணம் என ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வரும்போது, விலை பற்றிய பேச்சுக்கு அடியில் மெய்யியலின் மிகப் பழைய கேள்விகள் இரண்டு கிடக்கின்றன. பகுதிகள் மாறிய பின்னும் ஒரு பொருள் அதே பொருளாக நீடிக்கிறதா என்பது முதற்கேள்வி. நீடிக்கிறது என்றால், அதைத் தமது என்று கொண்டிருந்தவர் விற்கும் நாளில் எதைக் கொடுக்கிறார், எதைக் கொடுக்க இயலாமல் நிற்கிறார் என்பது இரண்டாவது. நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் வேரூன்றியிருந்த சமண மெய்யியல் இவ்விரண்டுக்கும் இணைத்தே விடை தருகிறது என்பதும், அவ்விடையைப் பின்தொடர்ந்தால் விற்பவர் சொல்லும் உண்மை விற்கப்படும் பொருளின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இக்கேள்விகளை அந்நாட்டுக் கோட்டாற்றில் நின்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலவியல் நூலில் கொட்டியாரா எனக் குறிக்கப்படும் நகரம் கோட்டாறே என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து; சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்ற பெயரையும் தாங்கி, இன்று நாகர்கோவில் மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்கும் இவ்வூர், பொருள்கள் கைமாறுவதையே வாழ்வாகக் கொண்ட வணிக ஊர். இதன் அருகிலேயே உள்ள நாகராஜா கோயில், பொருளின் நிலைபேறு பற்றிய கேள்விக்கு நூல்களைவிடத் தெளிவான சான்றை முன்வைக்கிறது. அங்கே மூலவர் அறையின் கூரை ஓலையால் வேயப்பட்டு ஆண்டுதோறும் புதிதாக மாற்றப்படுகிறது. கருவறையில் ஊறும் ஈரமண்ணே பிரசாதமாக நாள்தோறும் எடுத்து வழங்கப்படுகிறது. மண்டபத் தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர் உருவங்கள் இருப்பதும், சமணப் பண்டிதர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கும் பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் கிடைத்திருப்பதும், அது முன்னர்ச் சமணப் பள்ளியாக இருந்ததைக் காட்டுகின்றன. கூரையும் மண்ணும் மட்டுமின்றி வழிபாட்டு நெறியே மாறிய பின்னும், அதை வேறொரு கோயில் என்று எவரும் சொல்வதில்லை.

மாற்றியமைக்கப்பட்ட கார் பற்றிய கேள்வி வெறும் சிந்தனைப் பயிற்சியாக நின்றுவிடாமல் நீதிமன்றத்துக்கே சென்ற நிகழ்வு இங்கிலாந்தில் உண்டு. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பெயரால் புகழ்பெற்றது. பின்னர் அதில் எட்டு லிட்டர் இன்ஜின் பொருத்தப்பட்டது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நேர்ந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். அதன் பிறகு அது மூடிய கூபே உடலுடன் மீண்டும் கட்டப்பட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, அதைத் தம்மிடம் வைத்துப் பந்தயக் கோலத்துக்கு மீட்டிருந்த உரிமையாளர் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தபோது, லெ மானில் ஓடிய காரின் பகுதிகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்று கூறி வாங்கவிருந்த நிறுவனம் பின்வாங்கியது. 1990இல் வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், பந்தயக் கார் என்பது இயல்பிலேயே பகுதிகள் மாற்றப்பட்டுக்கொண்டே வருவது, இந்தக் காரின் வரலாறு எந்த இடத்திலும் அறுபடவில்லை என்ற அடிப்படையில், அது அப்பெயருக்கு உரியதே எனத் தீர்ப்பளித்தார்.

நீதிபதி தொட்ட முடிச்சு மெய்யியலார்க்குப் புதியதன்று. தீசியசின் கப்பலில் மக்கிய பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டதால் ஏதென்சு அறிஞர்கள் அது பழைய கப்பலா புதிய கப்பலா என்று வாதிட்டதைப் புளூட்டார்க் பதிவு செய்தார். கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொருவர் கப்பல் கட்டினால் இரண்டில் எது உண்மையானது என்று பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் கேள்வியை மேலும் கூர்மையாக்கினார். இந்திய மரபில் இக்கேள்வி தேரைப் பற்றியதாக எழுந்தது. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், அச்சோ சக்கரமோ நுகமோ தனித்தனியே தேர் ஆகா, அவற்றின் தொகுதிக்கு வெளியேயும் தேர் என ஒன்று இல்லை, ஆகவே தேர் என்பது பகுதிகளைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே என்று நிறுவினார். நியாய–வைசேடிக மரபினர் இதை மறுத்து, அவயவங்கள் எனப்படும் பகுதிகளுக்கு வேறாக அவயவி எனப்படும் முழுமை ஒன்று உண்மையாகவே உண்டு என்றனர். ஆனால் ஒரு பகுதி நீங்கினாலே பழைய முழுமை அழிந்து புதிய முழுமை தோன்றுகிறது என்று அவர்கள் கொண்டதால், அவர்கள் கணக்கில் ஒவ்வொரு பழுதுநீக்கமும் ஒரு புதிய வண்டியைப் பிறப்பித்துவிடும்.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் நிலைபெற்ற சமணக் கொள்கை இவ்விரண்டுக்கும் இடையே நடக்கிறது. உள்பொருள் எதுவாயினும் அதில் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன என்பது அதன் அடிப்படை. நிலைத்து நிற்கும் கூறு திரவியம் என்றும், அதன்மேல் வந்து கழியும் நிலைகள் பரியாயம் என்றும் பெயர் பெறும். திரவியத்தை முதன்மையாகக் கொண்டு நோக்கும் பார்வை திரவியார்த்திக நயம். நிலைகளை முதன்மையாகக் கொண்டு நோக்குவது பரியாயார்த்திக நயம். ஒரு நயம் மற்றதை மறுக்காதவரை உண்மையின் ஒரு பங்கைச் சொல்கிறது. மறுக்கத் தொடங்கினால் துர்நயம், அதாவது பிழைப்பார்வை ஆகிவிடுகிறது. மாற்றங்களை மறைத்து ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று சொல்லும் விற்பவரும், மாற்றங்களை மட்டும் எண்ணிக் காட்டி ‘இதில் பழைய கார் எங்கே இருக்கிறது’ என்று விலையைக் குறைக்கும் புரோக்கரும் எதிரெதிர்த் திசைகளில் நின்று ஒரே பிழையைச் செய்கின்றனர்.

இங்கே ஒரு வலுவான தடை எழுகிறது. அதைத் தாண்டாமல் வாதம் முன்னேற முடியாது. சமணர் கண்டிப்பான பொருளில் நிலையானது என்று சொல்வது புத்கலம் எனப்படும் பருப்பொருளின் அணுக்களையே. கார் போன்ற பொருள் அணுக்கள் சேர்ந்தும் பிரிந்தும் உருவாகும் கந்தம், அதாவது திரள் மட்டுமே. அப்படியானால் பெரும்பகுதி மாறிவிட்ட காரில் நிலைத்து நிற்பது எது? உலோகம் அதுவாக இருக்க முடியாது, ஏனெனில் அதுவே மாற்றப்பட்டுவிட்டது. வடிவமும் அதுவாக இருக்க முடியாது, ஏனெனில் மாற்றியமைத்தல் என்பதே வடிவத்தை விட்டு விலகுதல். எஞ்சுவது ஒன்றே: எந்தப் பகுதி எப்போது, எதற்காக, எதன் இடத்தில் வந்தது என்ற இடையறாத தொடர்ச்சி, அதாவது அந்தக் காரின் வரலாறு. லண்டன் நீதிபதி பிடித்துக்கொண்டதும் இந்த இழையைத்தான். நாகராஜா கோயிலை ஒரே கோயிலாகத் தாங்கி நிற்பதும் அதுவே.

தமிழ்நாட்டுச் சான்று ஒன்று இதைத் தெளிவாக்கும். 1960களில் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி இன்ஜினும், தனியான இரும்புச் சட்டகமும், அதன்மேல் போல்ட்டால் முடுக்கப்பட்ட உடற்பகுதிகளும் கொண்டது. அதன் மூலமான இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டின் சட்டகத்தைச் சுருக்கியே டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், உள்நாட்டுக் கார்களை எடைகுறைத்தும் இன்ஜினைத் திருத்தியும் வேகவண்டிகளாக்கும் கைத்திறன் சென்னை, கோவைப் பட்டறைகளில் வளர்ந்தது. உடலைக் கழற்றி மாற்ற இடந்தரும் அத்தகைய வண்டியில் சட்டகத்தில் பொறித்த சேசிஸ் எண் ஒன்றே பழையதாக எஞ்சுவதுண்டு. அந்த எண்ணுக்கும் பொருள் கொடுப்பது அதைச் சுற்றி உண்மையாகச் சொல்லப்படும் வரலாறே.

இந்தியச் சட்டமும் தன் வழியில் இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. 2021இல் வந்த பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் பெறாதவற்றுக்கே ‘விஏ’ என்ற தனிப்பதிவை வழங்குகின்றன. சட்டம் பொதுப் பாதுகாப்பையும் மரபுச் செல்வத்தையும் காக்க ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். அக்கோட்டுக்கு வெளியே நிற்கும் வண்டியை விற்பவர் அந்த உண்மையையும், அதனால் வாங்குபவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரக்கூடிய தடைகளையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்த இடத்தில் வாய்மை வெறும் நற்பண்பு என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. குறையை மறைத்து ஒரு மேசையை விற்பவர் வாங்குபவரை ஏமாற்றுகிறார்; ஆனாலும் மேசை மேசையாகவே இருக்கிறது. மாற்றியமைக்கப்பட்ட காரின் வரலாற்றைத் திரித்து விற்பவரோ, அந்தக் காரை அதே காராக வைத்திருந்த ஒரே இழையைத் தம் கையாலேயே அறுத்துவிடுகிறார். அதன் பிறகு வாங்குபவர் கையில் இருப்பது பல வண்டிகளிலிருந்து வந்த இரும்பின் திரள். ஆகவே பட்டறைச் சீட்டுகள், கழற்றி வைத்த மூலப்பகுதிகள், எழுதிவைத்த குறிப்புகள் ஆகியவற்றை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்படைப்பது, விற்பனைக்கு மேல் செய்யும் உபகாரம் ஆகாது. அதுவே விற்பனையின் உயிர்ப்பகுதி. அவையில்லாத இடத்தில் விற்பவரின் சொல்லே ஆவணம்.

இனி, கொடுக்க இயலாதது எது என்ற இரண்டாவது கேள்வி. ஒருவர் தம் உழைப்பைக் கலந்த பொருள் அவருடையதாகிறது என்று ஜான் லாக் உரிமைக்கு அடிப்படை வகுத்தார். ஆண்டுக்கணக்கில் தம் கையாலேயே திருத்திய காரை விற்பவருக்கு இக்கருத்து எளிதில் உடன்பாடாகும். மாற்றங்களுக்குச் செலவிட்ட பணம் விலையில் திரும்பி வருவதில்லை என்பது பழைய கார் வணிகம் அறிந்த செய்தி. அதை இழப்பாக உணர்பவர், தம் உழைப்பு ஓட்டிய ஆண்டுகளிலேயே பயனைத் தந்து முடிந்துவிட்டதை மறக்கிறார். சமணம் பரிக்கிரகம் என்னும் உடைமைக் குற்றத்தைப் பொருளில் வைக்கவில்லை, பொருளின்மேல் மயங்கும் உள்ளத்திலேயே வைத்தது; இல்லறத்தார்க்கு அது விதித்த நோன்பு, உடைமைகளுக்குத் தாமே அளவு வகுத்துக்கொள்வது. ‘யான்’, ‘எனது’ என்னும் இரு பற்றுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் களைவதைத் திருக்குறளின் துறவு அதிகாரம் பேசுகிறது. சைவ சித்தாந்தம் அவற்றின் வேரை ஆணவம் என்ற மலத்தில் காண்கிறது. மூன்று மரபுகளும் கொள்கையில் வேறுபட்டாலும், துன்பம் பொருளின் பிரிவில் பிறப்பதில்லை, அதன்மேல் படர்ந்த ‘எனது’ என்ற எண்ணத்தில் பிறக்கிறது என்பதில் ஒன்றுபடுகின்றன.

இந்த எண்ணம் விற்ற பின்னும் ஒரு வடிவில் தொடர முயல்வதுண்டு: வாங்குபவர் வண்டியை மாற்றக்கூடாது, வண்ணத்தைக் கலைக்கக்கூடாது, பழைய இன்ஜினுக்குத் திரும்பக்கூடாது என்ற நிபந்தனை அது. ஆனால் தமக்கு முன்னிருந்தவரின் காரைத் தாமே மாற்றியவர்க்கு இந்த நிபந்தனையை விதிக்க நியாயம் இல்லை. பரியாயம் என்ற கருத்தைக் கடைசிவரை கொண்டுசென்றால் தெளிவாவது இதுவே: கார் உரிமையாளரின் வாழ்வில் ஒரு கட்டம் என்று எண்ணுவது எளிது, காரின் வரலாற்றில் உரிமையாளரும் ஒரு கட்டம்தான், வந்து கழியும் ஒரு பரியாயம்தான் என்பதை ஏற்பதே கடினம். அதை ஏற்றவர், தாம் செய்த மாற்றங்களைப் போலவே அடுத்தவர் செய்யப்போகும் மாற்றங்களும் அதே இழையின் நீட்சி என்று காண்பார்.

பற்றை விடுவது பொறுப்பை விடுவது ஆகாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பலமுறை கைமாறியும் பதிவேட்டில் பெயர் மாற்றப்படாத ஒரு காரால் நேர்ந்த விபத்துக்கு, பதிவேட்டில் பெயருள்ள முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டவிதி இதன் பொருட்டே உள்ளது. துறவு என்பதைச் சுமையை எங்காவது இறக்கிவிட்டுச் செல்வதாகக் கொள்ளாமல், உரிய கையில், உரிய ஆவணத்துடன், உண்மை முழுவதையும் சொல்லி ஒப்படைப்பதாகக் கொண்டால், கோட்டாற்றுக் கடைத்தெருவில் நடக்கும் ஒரு பழைய கார் விற்பனையும் அறச்செயலாகும் தகுதி பெறுகிறது. பொருளை நிலைக்கச் செய்வது அதன் உண்மையான வரலாறு. அந்த வரலாற்றை அடுத்தவர் கையில் குறையாமல் சேர்ப்பவரே, வைத்திருந்த காலம் முழுவதும் அதற்கு உண்மையான உரிமையாளராக இருந்தவர் ஆகிறார்.