யார் பட்ட கடன்?

மல்லாங்கிணற்றில் என் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

அண்ணன் மகன் பள்ளிக்கூடத்துக் கபடிக் குழுவில் ஆடுகிறவன். வட்டாரப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று, முழங்காலில் கரிசல் மண் அப்பியிருக்க வந்து நின்றான். "உங்கப்பா ஆடுன காலத்துல இருந்து இதே கதைதானடா! ஒரு தடவையாவது ரெண்டாவது சுற்றைப் பார்த்திருக்கீங்களா?" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். (வேடிக்கை என்பது பெரியவர்களுக்கு வெகு வசதியான சொல்.) பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் இன்னைக்குத்தானே தோத்தேன், சித்தப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் கணக்கை நான் அவனிடம் மட்டுமா காட்டினேன்? ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்களில் நம் மாநிலத்து அணியிடமும் வருஷந்தோறும் இதையேதான் நீட்டிக்கொண்டிருக்கிறேன். சென்னை அணி 1954-55இல் இந்தோரில் ஹோல்கர் அணியை வென்று முதன்முதலாகக் கோப்பையை வாங்கியது. மறுபடி வாங்க 33 வருஷம் ஆயிற்று. 1987-88இல் வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்திலேயே, ரயில்வே அணியை வென்றார்கள். அதற்குப் பிறகு 2015க்குள் ஆறு இறுதி ஆட்டங்கள், ஆறிலும் தோல்வி. 2024 மார்ச்சில் அரையிறுதியில் மும்பையிடம் ஓர் இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றபோது, "36 வருஷமாச்சே!" என்று நான் அடித்துக்கொண்டேன். தோற்ற அணியின் தலைவர் சாய் கிஷோர் பிறந்ததே 1996இல். அந்த ஆட்டத்தில் ஆறு விக்கெட் எடுத்தவரும் அவரே. அவர் தோற்றது அன்றைக்கு. 36 வருஷத்தை அவர் தலையில் ஏற்றியது நான்.

இதை 'வறட்சி' என்று சொல்கிறோம். கரிசல் பூமிக்காரனுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதையுமே வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. மழை பொய்த்தால் கண்மாய் வறளும், கிணறு கீழே போகும், மாட்டை விற்க நேரும். அடுத்த வருஷம் மழை பெய்தாலும் உழ மாடு இருக்காது. அந்த வறட்சி உண்மையாகவே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கிறது. ஆட்டக்களத்திலோ ஒவ்வொரு ஆட்டமும் பூஜ்யத்தில் தொடங்குகிறது. பழைய தோல்விகள் சேருமிடம் பார்க்கிறவன் மனசுதான்.

அப்படியானால் பழைய கணக்கையே கிழித்துப் போட்டுவிடலாமா? அதற்கும் மனம் இடம் கொடுக்கவில்லை. தோல்வி தலைமுறை தாண்டி வராது என்றால், இந்தோர் வெற்றியில் மட்டும் எனக்கு எப்படிப் பங்கு வந்தது? நான் பிறப்பதற்கு முந்திய வெற்றி அது. அதைப் பற்றிப் பேசும்போது 'ஜெயித்தார்கள்' என்றா சொல்கிறேன்? 'ஜெயித்தோம்' என்றுதானே வாயில் வருகிறது!

எங்கள் தகப்பனார் வைத்துவிட்டுப் போன கடனை அண்ணன்தான் அடைத்தார். முகம் சுளிக்காமல் கட்டினார். ஏனென்றால் தகப்பனாரின் புஞ்சையும் அவர் கைக்கு வந்திருந்தது. நிலத்தை வாங்கிக்கொண்டவன் கடனையும் ஏற்பது நியாயந்தான். சென்னைப் பையன்களுக்காவது சேப்பாக்கம் என்ற சொத்து உண்டு. 1934இல் ரஞ்சிப் பந்தயத்தின் முதல் ஆட்டமே நடந்த மைதானம் அது. அவர்களிடம் முன்னோர் கணக்கைக் கொஞ்சம் கேட்கலாமோ என்னவோ. அப்போதும் அதை நான் கேட்பதற்கில்லை; நான் என்ன கடன் கொடுத்தேன்? நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைத் தவிர? எங்கள் வீட்டுப் பையனுக்கோ அந்தச் சொத்துமில்லை. ஒரு நல்ல ஆடுகளங்கூட நாங்கள் அவனுக்கு விட்டுவைக்கவில்லை. தோற்ற பட்டியலை மட்டும் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தோம்.

மறுநாள் விடியற்காலையில் விருதுநகர் பஸ்ஸுக்காக நடந்தேன். நீர் வற்றிய கண்மாய்க்குள் அவனும் இன்னும் நாலு பையன்களும் குச்சியால் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடலாமா என்று நின்றேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டான். பாடிப் போகிறவனைக் கூப்பிடக் கூடாது. பஸ் வரும்வரை கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.