பாதையில் கிடப்பதை எடுக்கும் கை

 

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் ஒரு சம்பவம் வருகிறது. நபித்தோழர் மஃகில் இப்னு யஸார் (ரலி) அவர்களோடு முஆவியா இப்னு குர்ரா என்ற தாபிஈ நடந்து போகிறார். வழியில் தொல்லை தரும் ஒரு பொருள் கிடக்கிறது. மஃகில் (ரலி) அதை அகற்றுகிறார்கள். பிறகு இன்னொன்று கண்ணில் படுகிறது. இந்த முறை முஆவியா முந்திக்கொள்கிறார். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். நீங்கள் செய்ததைப் பார்த்தேன், நானும் செய்தேன் என்கிறார். நல்ல காரியம் செய்தாய் என்று பாராட்டிவிட்டு, பாதையிலிருந்து தொல்லையை அகற்றுபவருக்கு நன்மை எழுதப்படும், எவருடைய நன்மை ஏற்கப்பட்டதோ அவர் சுவர்க்கம் நுழைவார் என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை மஃகில் (ரலி) சொல்கிறார்கள்.

கவனியுங்கள். செயல் முதலில் வந்தது, ஹதீஸ் பிறகு வந்தது. நம் பிள்ளைகள் நம்மோடு நடந்து வரும்போது எதைப் பார்க்கிறார்கள்? அத்தா டீ குடித்துவிட்டுக் கப்பைத் தெருவில் எறிவதையா?

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கிளைகளிலேயே ஆகச் சிறியது அதுதானே என்று சிலர் நினைக்கலாம். வழியில் கிடந்த ஒரு முட்கிளையை ஒதுக்கிப் போட்டவரை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறதே!

பஸராவுக்கு ஆளுநராகப் போன அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அந்த மக்களிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? இறைவேதத்தையும் நபிவழியையும் கற்றுக்கொடுக்கவும், உங்கள் தெருக்களைச் சுத்தப்படுத்தவும் உமர் (ரலி) என்னை அனுப்பியிருக்கிறார் என்றார்கள். தாரிமீயில் பதிவான செய்தி இது. குர்ஆன் பாடமும் தெருச் சுத்தமும் ஒரே வாக்கியத்தில்!

நமக்கோ குனிய வெட்கம். அது தூய்மைக் காவலர் பார்க்கிற வேலை என்கிறோம். வெளிப்படையாகவே பேசுகிறேன்: குப்பை எடுக்கிறவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் நாம் ஓதிய எந்தக் கிதாபிலும் இல்லை. இந்த மண்ணின் சாதி வழக்கத்திலிருந்து நம் வீட்டுக்குள் புகுந்தது அது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கி வந்த கறுப்பினப் பெண் இறந்ததைத் தமக்குச் சொல்லவில்லையே என்று கேட்டு, அவருடைய கப்ரைத் தேடிப் போய்த் தொழுதார்கள் நம் நபி (ஸல்).

விஸ்வநத்தத்தில் இருக்கும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. அச்சுத் தொழில் நடக்கும் பகுதி இது. தினசரி காலண்டர் தாளிலும் திருமணப் பத்திரிகையிலும் அல்லாஹ்வின் பெயர் இருக்கும். அது சாக்கடை ஓரம் கிடக்கும். அதைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெடிக்காத பட்டாசைப் பிள்ளைகள் பொறுக்க விடாதீர்கள். மருந்துக் கழிவோ, என்னவென்று தெரியாத பொடியோ கொட்டிக் கிடந்தால் நீங்களும் தொட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். சில உலோகப் பொடிகள் ஈரம் பட்டால் சூடேறும். விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். பொறுக்கிய குப்பையைக் குவித்துத் தீ வைக்கவும் கூடாது. அதற்குள் என்ன கிடக்கிறதென்று நம் ஊரில் யாரால் சொல்ல முடியும்?

அட்டையும் பாட்டிலும் விற்றால் காசு, அது ஆகுமா என்று கேட்கிறீர்கள். உரியவர் வேண்டாமென்று எறிந்தது ஆகும். பணமோ நகையோ கிடைத்தால் அது லுகதா. அறிவிப்புச் செய்து உரியவரைத் தேட வேண்டும். என் அபிப்பிராயம், விலைபோகும் அட்டையையும் பாட்டிலையும் சாக்குப் பையோடு தெருத் தெருவாக வரும் அந்த ஏழைகளுக்கே கொடுத்துவிடுங்கள். அது அவர்களுடைய ரிஸ்க். நனையாமல், சோறு குழம்பு படாமல் கொடுத்தால்தான் பழைய பேப்பர் கடையில் அவர்களுக்கு விலை கிடைக்கும்.

இன்ஷா அல்லாஹ், ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தெருவிலிருந்து நடக்கத் தொடங்குவோம். கையுறையும் சாக்கும் எடுத்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்; பெரியவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் நடக்கட்டும்.