சூலம் மேற்கே, தீவும் மேற்கே

புதுச்சேரி சாரத்தில், பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழித்ததும் பெரியவர் பார்ப்பது தேதியை அல்ல. ராகு காலம், எமகண்டம், அதற்கும் கீழே பொடி எழுத்தில் சூலம், இவைதான் அவருக்கு முக்கியம். பிள்ளைகளின் கைப்பேசியில் வேறொரு காலண்டர்: பள்ளி விடுமுறை ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்து ஆகஸ்டோடு முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆடி வந்து குந்திக்கொள்கிறது. விடுமுறையில் ஏறக்குறைய பாதியை அது விழுங்கிவிடும். ஊருக்கு வரும் நேரத்தில் கல்யாணம் வைப்பதென்றால் ஆனிக் கடைசி, இல்லையென்றால் ஆவணியின் முதல் முகூர்த்தம்.

இந்த முறை பேச்சு கல்யாணம் பற்றி இல்லை. அம்மா அப்பாவை மால்டா தீவுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. எப்போது போவது? சுற்றுலாக்காரர்களின் பதில் எளிது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 32 டிகிரியைத் தொடும், கூட்டமும் விலையும் ஏறும். மே மாதம் நல்லது, செப்டம்பர் கடைசி அதைவிட நல்லது, கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பெரியவர் தலையாட்டுகிறார். ஆனால் செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. மகாளய பட்சம் குறுக்கே வரும், சனிக்கிழமை விரதம் வரும். மால்டாவில் விருந்தாளிக்குப் பெருமையாகப் பரிமாறுவதோ முயல் கறி.

கேட்கச் சிரிப்பு வரும் பேச்சுதான். ஆனாலும் அதன் அடியில் ஒரு பழைய கேள்வி கிடக்கிறது. நல்லது, கெட்டது என்பது காலத்துக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது நாம் அதன் தலையில் ஏற்றி வைத்ததா?

பஞ்சாங்கத்தின்படி வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், அதாவது அந்தத் திசையில் பயணம் ஆகாது. அந்த நாளில் மேற்கே போயே தீரவேண்டும் என்றால் கொஞ்சம் வெல்லம் வாயில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். இத்தனை மலிவான பரிகாரத்தை எழுதி வைத்தவர் பயணத்தைத் தடுக்க நினைத்தவராகத் தெரியவில்லை. வாசலில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வைக்க நினைத்திருக்கலாம். ராகு காலத்தின் கதை இன்னும் சுவையானது. பகற்பொழுதை எட்டாக வகுத்தால் அதில் ஒரு பங்கு. காலண்டரில் ஒன்றரை மணி என்று அச்சிடுவது ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் சூரியனை வைத்துத்தான். ஜூன் மாதத்து மால்டாவில் பகல் பதினான்கரை மணி நேரம் நீள்கிறது. அங்கே ராகு காலம் ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம். டிசம்பரில் அதுவே ஒன்றேகால் மணிக்குள் சுருங்கிவிடும். கெட்ட நேரத்தின் அளவு அட்சரேகையைப் பொறுத்தது என்றால், கெடுதலின் அளவும் அப்படித்தானா?

மால்டாவின் கிறிஸ்தவ வரலாறே தவறான பருவத்தில் கிளம்பிய ஒரு கப்பலில் தொடங்குகிறது. கி.பி. 60 வாக்கில் கிறிஸ்துவின் அப்போஸ்தலரான பவுல் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டார். கப்பல் கிரேத்தா தீவின் ஒரு துறையில் நின்றபோது யூதர்களின் உபவாச நாள் கடந்திருந்தது. அதாவது ஏறக்குறைய அக்டோபர். இனிக் கடலில் போனால் சேதம் வரும் என்று பவுல் எச்சரித்ததாகவும், காவலுக்கு வந்த ரோமானியப் படைத்தலைவனான நூற்றுக்கு அதிபதி மாலுமியின் பேச்சையும் கப்பல் உரிமையாளரின் பேச்சையுமே கேட்டதாகவும் அப்போஸ்தலர் பணிகள் நூல் சொல்கிறது. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை அந்தக் கடலை மூடியதாகவே கருதவேண்டும் என்று பிற்கால ரோமானிய ஆசிரியர் வெஜீசியஸ் எழுதி வைத்தார். பவுலின் கப்பல் 14 நாள் புயலில் அலைந்து மால்டாவில் தரைதட்டி உடைந்தது. அதில் இருந்த 276 பேரும் பிழைத்தார்கள். மழையிலும் குளிரிலும் நனைந்து வந்தவர்களுக்குத் தீவு மக்கள் தீ மூட்டிக் கொடுத்தார்கள். இன்றும் பிப்ரவரி 10 அங்கே பவுலின் கப்பல் உடைந்த திருநாள், அரசு விடுமுறை. பவுலின் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தத் தீவுக்கு இந்தத் திருநாளே இல்லை.

தமிழில் இதற்கு இணையான காட்சி வேதாரண்யத்தில் நடக்கிறது. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியின் அழைப்பை ஏற்றுச் சம்பந்தர் மதுரைக்குக் கிளம்புகிறார். நாளும் கோளும் சரியில்லை என்று தடுப்பவர் அப்பர். கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டும் மிதந்து, புதுச்சேரிக்குத் தெற்கே திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர் என்று போற்றப்படும் அதே அப்பர். தன் உயிருக்கு அஞ்சாதவர், பிள்ளையான சம்பந்தருக்காக நாள் பார்க்கிறார். சாரத்துப் பெரியவரின் பதற்றத்தில் பாதியாவது இந்த வகை. சம்பந்தர் பாடிய விடைதான் கோளறு பதிகம்: சிவன் உள்ளத்தில் இருக்க, கோள்கள் அடியாருக்கு நல்லவையே. வேடிக்கை என்னவென்றால், கிரகத்துக்கு அஞ்சவேண்டாம் என்ற பதிகத்தைக் கிரகப் பெயர்ச்சிக்குப் பரிகாரமாகவே இன்று பாடுகிறோம்.

பவுல் காலம் பார்க்கச் சொன்னார், சம்பந்தர் பார்க்க வேண்டாம் என்றார் என்று எதிரெதிராக நிறுத்துவது பிழை. பவுல் பேசியது காற்றைப் பற்றி. சம்பந்தர் மறுத்தது கோளின் மீதான அச்சத்தை. வள்ளுவரும் காலமறிதல் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், வலியறிதலுக்கும் இடனறிதலுக்கும் நடுவில் வைத்தார். அவருக்குக் காலம் என்பது காகம் பகலில் ஆந்தையை வெல்கிற கணக்கு.

அந்தக் கணக்கு புதுச்சேரிக் கரைக்குப் புதியதல்ல. சாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியப் பளபளப்பு மட்கலங்கள் கிடைத்தன. ஆம்போரா என்னும் மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் ஏராளம். கோஸ், ரோட்ஸ் போன்ற மத்தியதரைத் தீவுகளின் சாடிகளும் அவற்றில் உண்டு. எகிப்திலிருந்து நடுக்கோடையில் புறப்பட்டால் பருவக்காற்று இந்தியா சேர்க்கும், திரும்புவதற்கு டிசம்பரில், தவறினால் ஜனவரி நடுவுக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். அந்த மாலுமிகளும் தெய்வத்தை வேண்டிக்கொண்டுதான் பாய் விரித்தார்கள். வேண்டுதல் காற்றின் தேதியை மாற்றும் என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

நாமும் அதை அறியாதவர்கள் அல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்போது கார்த்திகை, விளக்கேற்றும் மாதம். மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. டிசம்பர் 13ஆம் தேதி தீபம் குறித்தபடி மலை உச்சியில் எரிந்தது. பக்தர்கள் மலையேறத்தான் தடை. நாள் சாமிக்கு உரியது, மண் மழைக்கு உரியது என்று இரண்டையும் பிரித்து மதித்த முடிவு அது. பக்திக் குறைவு என்று அதைச் சொல்வது அநியாயம்.

சில திருவிழாக்கள் கடலிடமே தேதி கேட்டவை போல அமைந்துவிட்டன. குடிநீரோ குடியிருப்போ இல்லாத கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழா பிப்ரவரி, மார்ச்சில் தவக்காலத்தை ஒட்டி வருகிறது. வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழாத இடைவெளி அது. ராமேசுவரத்துப் படகும் யாழ்ப்பாணத்துப் படகும் ஒரே கரையில் வந்து ஒதுங்க அந்த இடைவெளி போதும்.

சாரத்து வீட்டுக்கு வருவோம். கடலில் குளிக்கத்தான் ஆசை என்றால் செப்டம்பர் கடைசி. புரட்டாசிக்கு மரக்கறி அங்கேயும் கிடைக்கும். தீவின் சாமியைப் பார்க்கவேண்டும் என்றால் பிப்ரவரி 10தான். ஸ்வெட்டர் வேண்டும், குடையும் வேண்டும். பிரான்சுப் பள்ளிகளுக்கு அந்த மாதத்தில் இரண்டு வார விடுமுறை உண்டு, வட்டாரத்துக்கு ஏற்பத் தேதி மாறும். பெரியவருக்கும் மறுப்பு இருக்காது, அது தை மாதம். 2027இல் பிப்ரவரி 10 புதன்கிழமை வருகிறது. இரண்டு நாள் முன்னதாகத் திங்களன்று கிளம்பினால் சூலம் கிழக்கே, வெல்லம்கூடத் தேவையில்லை. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் வாசலைத் தாண்டாமல் இருந்தால் போதும்.