விழித்திருக்கும் கடமை

ஜொகூர் பாருவில் விடியலுக்கு நெடுநேரம் முன்பே கடற்பாலத்தை நோக்கி விசையுந்துகள் திரண்டுவிடுகின்றன. 1924-இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே விஞ்சிய அப்பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் உழைத்து, பிள்ளைகள் உறங்கிய பிறகே வீடு திரும்பும் நம்மவர் பலர். முப்பது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தால் ஒருவர் தம் வாழ்நாளில் எவ்வளவைச் சாலைக்கே தந்திருப்பார் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அச்சுமையைக் குறைக்கவே புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் தொடர்வண்டித் தடம் எழுந்தது. மின்னாற்றலால் இயங்கி, ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் நீரிணையைக் கடந்து, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை சுமக்கும் வகையில் அமைந்த அத்தொடர்வண்டிகளை எந்த ஓட்டுநரும் ஓட்டப்போவதில்லை. 2021-இல் இஸ்கந்தர் மலேசியா விரைவுப் பேருந்துத் திட்டத்தின் முன்னோட்டத்திலேயே, தண்டவாளமின்றிச் சாலையில் வரைந்த கோட்டைப் பற்றிச் செல்லும் நீண்ட ஊர்தியை இம்மாநிலம் கண்டது. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். பலர் ஒரு வண்டியைப் பகிர்வதில் தன்னடக்கம் உண்டு. புகையற்ற மகிழுந்தாயினும் ஆளுக்கொன்றாகப் பெருகினால் பாலத்து நெரிசல் குறையப்போவதில்லை.

ஆயினும், கையை விட்டுச் சுக்கான் அகலும்போது பொறுப்பும் அகன்றுவிட்டதாக உள்ளம் நம்பத் தொடங்குமே, அதனை அஞ்சுகிறேன். 2018 மார்ச் 18 இரவில், அமெரிக்காவின் டெம்பி நகரில், சோதனையோட்டத்தில் இருந்த தானோட்டி மகிழுந்து ஒன்று, மிதிவண்டியைத் தள்ளியவாறு சாலையைக் கடந்த பெண்மணியை மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 வினாடி முன்பே கருவி அவரை உணர்ந்திருந்தது. ஆனால் ஊர்தி என்றும், வேறு பொருள் என்றும், மிதிவண்டி என்றும் மாறி மாறிக் கருதியதே அன்றி, சாலையைக் கடக்கும் மனிதர் எனத் தெளியவில்லை. கண்காணிக்க அமர்ந்தவரின் பார்வையோ கைப்பேசியில் இருந்தது.

அவரை மட்டும் பழிப்பது எளிது, நேர்மை ஆகாது. முன்பு இருவர் அமர்ந்த சோதனை வண்டியில் ஒருவர் போதும் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அவசர வேளையில் தானே நிறுத்தும் அமைப்பு அவ்வண்டியிலேயே இருந்தும், சோதனையோட்டத்தின்போது அதனைச் செயலற்றதாக்கி வைத்தவர்களும் உண்டு. ஒவ்வொன்றும் அன்றன்று சிறிய தளர்வாகவே தோன்றியிருக்கும். அத்தளர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஓர் உயிரின்மேல் சரிந்தன.

விழிப்பு ஒருநாளில் வாய்க்கும் ஆற்றலன்று. எவரும் காணாத வேளையிலும் செய்யும் பணியில் கண் வைப்பவருக்கே, பல்லாண்டுப் பழக்கத்தால் அது இயல்பாகிறது. பிழையின்றி ஓடும் கருவியின் அருகே அமர்பவருக்கு அப்பழக்கம் முன்னினும் மிகுதியாக வேண்டும். ஏனெனில், அங்கே ஆயிரம் நாள் ஒன்றும் நிகழாது.

புக்கிட் சாகாரிலிருந்து நள்ளிரவில் புறப்படும் வண்டியில் களைத்த ஒரு தாய் கண்ணயர்ந்து கிடப்பார். அவ்வண்டியின் ஓட்டத்தைக் கட்டுப்பாட்டு அறையில் பார்த்திருப்பவரின் முகத்தை அவர் ஒருநாளும் காணப்போவதில்லை.