மூல ஓலை யாரிடம்?



பக்தி என்றால் முகத்தை இறுக்கி வைத்திருக்க வேண்டும் என்று எம்மில் பலர் எண்ணுகின்றனர். எம் சைவ சமயத்திலோ இறைவனே வேடிக்கை செய்பவன். அவ்வேடிக்கைக்குள்ளேதான் ஞானத்தை ஒளித்து வைக்கிறான். சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

திருநாவலூரில் அவதரித்த சுந்தரருக்குப் புத்தூரிலே திருமணம். மணப்பந்தலுக்குள் கிழ வேதியர் ஒருவர் தடியூன்றி வந்து, "இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இருக்கிறது" என்கிறார். சபை சிரிக்கிறது. மாப்பிள்ளையும் "நீர் பித்தரோ?" என்று கேட்டுச் சிரிக்கிறார். பின்பு கோபம் மேலிட ஓலையைப் பறித்துக் கிழித்தே விடுகிறார். கிழவரோ அசையவில்லை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார்!

முப்பத்தைந்து வருடங்கள் அரசாங்கக் கந்தோரிலே இலிகிதராகக் கடமையாற்றிய எனக்கு, சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் இவ்விடம் வரும்போதெல்லாம் சிரிப்பு வரும். "உண்மைப் பிரதி" என்று முத்திரை குத்தியே என் தலை நரைத்தது. மூலத்தைப் பூட்டி வை, பிரதியைக் காட்டு என்பது கந்தோர்ப் பாலபாடம். எம்பெருமானும் அதை அறிந்திருக்கிறான்! வெண்ணெய்நல்லூர்ச் சபையாரும் வாய்ப்பேச்சை நம்பவில்லை. பாட்டனாரின் வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்பிட்ட பின்பே தீர்ப்புச் சொன்னார்கள். "உமது வீடு எங்கே?" என்று கேட்டபோது, கிழவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். ஏசிய "பித்தன்" என்ற சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணிக்க, ஏச்சும் தேவாரமாயிற்று.

இதன் பொருள் எனக்கு விளங்கியது 1983 ஆடியில். அப்போது நான் உத்தியோகத்துக்குப் புதிது. கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீடு எரிந்தது. ஐயா தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஊர்க் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என் நியமனக் கடிதம் எல்லாம் சாம்பல். அகதி முகாமில் வெறும் நிலத்தில் இருந்துகொண்டு, "ஐயா, உறுதியும் போட்டுதே" என்று அழுதேன்.

ஐயா மெல்லச் சிரித்தார். "தம்பி, எரிஞ்சது ஒரு படிதான். மற்றப் படி காணிக் கந்தோரிலை கிடக்கும். எங்களை எழுதின மூல ஓலை அவரிட்டை எல்லோ கிடக்குது. அதுக்கு ஆர் நெருப்பு வைக்கிறது?" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். மூன்று நாட்களின் பின் அங்கே கேட்ட முதற் சிரிப்பு அது.

நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போவது வழக்கம். ஐயா சொன்னபடியே பின்பு பிரதி எடுத்தோம். எரிந்த வீடு திரும்பவில்லை. பிரிந்துபோன அயலவரும் திரும்பவில்லை. ஐயாவின் சிரிப்பு துன்பத்தை மறைத்த சிரிப்பன்று. தம்மை ஆட்கொண்டவன் ஒருவன் உண்டு என்று தெரிந்தவரின் சிரிப்பு.

மணப்பந்தலிலே சபையார் சிரித்தது பிறரைப் பார்த்து. ஐயா சிரித்தது தம் நிலையைப் பார்த்து. இரண்டாவதுதான் ஞானத்தின் வாசல். எனக்கோ அவ்வாசல் இன்றும் இலகுவில் திறப்பதில்லை. தர்மகர்த்தாவான பின் ஒரு வருடம், திருவிழா நோட்டீசில் என் பெயர் கடைசி வரிக்குப் போய்விட்டதென்று அச்சகத்தாரோடு சண்டைக்குப் போனேன். வீட்டில் மனைவி கேட்டார்: "சுவாமியின்ரை பேர் மேலை இருக்குதுதானே? அடியாருக்கு அடியார் எண்டு பாடுறீங்கள், அடியிலை போட்டால் ஏன் கோவிக்கிறீங்கள்?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுந்தரர் கிழித்த ஓலை அன்று நோட்டீசாக என் கையில் இருந்தது. "அடிமை" என்று எழுதியிருந்ததை நானும் கிழிக்கப் பார்த்தேன்.

அடியார்களே! கந்தோரிலோ, அடுப்படியிலோ, வைத்தியசாலை வரிசையிலோ, கோயில் வீதியிலோ யாராவது வந்து எம் பெருமைக்கு எதிராக ஓர் ஓலையை நீட்டினால், கிழிக்க முன் ஒரு கணம் சிரித்துப் பார்ப்போம். நீட்டுகின்ற கிழவர் யாரென்று யாருக்குத் தெரியும்?

வரும் ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசைக்கு அனைவரும் குடும்பத்தோடு வருக. எம்பெருமான் திருவருள் எல்லோருக்கும் கிட்டுவதாக.

சுபம்.