அந்தக் குமிழி எங்கிருந்து வந்தது?

காரில் பிரேக்குக்கு 'ஏர் எடுப்பதை' நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், அடுத்த முறை மெக்கானிக் ஷெட்டில் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். இரண்டு பேர் செய்கிற வேலை அது. ஒருவர் டிரைவர் சீட்டில். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையில். கீழே இருப்பவர், "மிதி... மிதி... அழுத்திப் பிடி" என்பார். மேலே இருப்பவர் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டதும், சக்கரத்தின் உட்புறம் இருக்கிற சின்ன நிப்பிளை இவர் அரைச் சுற்று திறப்பார். புஸ்ஸென்று காற்றும் ஆயிலும் சேர்ந்து வரும். மூடிவிட்டு, "விடு" என்பார். மூடுவதற்கு முன்னால் அவர் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

மிதிப்பவருக்குக் குமிழி தெரியாது. குமிழியைப் பார்ப்பவருக்குப் பெடலின் கனம் தெரியாது. ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பித்தான் ஆகவேண்டும்.

திருவிடைமருதூரில் எங்கள் வீட்டு வாசலில் இந்த வேலை வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். வண்டி, மாருதி 800. கம்பெனியே 2014-ல் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அப்பா நிறுத்தவில்லை. அப்பா கீழே, நான் மேலே. அவர் "பிடி" என்று சொன்ன பிறகு கொசு கடித்தால்கூட நான் காலை எடுக்க முடியாது.

ஒரு துளிக் காற்றுக்கு இவ்வளவு அமர்க்களம் எதற்கு என்று கேட்பீர்கள். அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும் என்று பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் கண்டுபிடித்துச் சொன்னார். அவர் இறந்த அடுத்த வருடம், 1663-ல், அது புத்தகமாக வந்தது. இன்றைக்கு நம் கால் கொடுக்கும் அழுத்தம் நாலு சக்கரத்துக்கும் போவது அந்த விதிப்படிதான். திரவம் அமுங்கிக் கொடுக்காது. காற்று அமுங்கும். குழாயில் காற்று இருந்தால், நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். சக்கரம் ஓடிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. சூட்டில் கொதித்தால் ஆவி. ஆவியும் காற்றைப் போல் அமுங்கும். (இந்த ஆயில் பெயிண்டையும் தின்னும். எங்கள் வண்டியின் இடது பின்பக்கம் அதற்குச் சாட்சி.)

தைப்பூசத் தேருக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது முழங்கால் சரியில்லை. பிரேக் பெடல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தேர் நாளில் எந்த மெக்கானிக் வருவான்? அதனால் சென்னையில் வாங்கி வைத்திருந்த கைப் பம்பை எடுத்தேன். துப்பாக்கி மாதிரி பிடி, மேலே ஒரு மீட்டர், ஒரு டியூப், நடுவில் ஆயில் சேர ஒரு சின்ன பாட்டில். டியூபை நிப்பிளில் மாட்டி, விசையை நாலைந்து தரம் அழுத்தினால் உள்ளே காற்றழுத்தம் குறையும். நிப்பிளைத் திறந்தால் பழைய ஆயில் தானாக உறிஞ்சிக்கொண்டு வரும். மிதிக்க ஆளே வேண்டாம். மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

ஆளே வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

மூன்று சக்கரம் ஒழுங்காக முடிந்தது. நாலாவதில் சிக்கல். ஆயில் தெளிவாக வந்துவிட்டது. ஆனால் குமிழி நிற்கவில்லை. கடுகு கடுகாக, வரிசையாக வந்துகொண்டே இருந்தது. இந்தப் பம்பில் இது எல்லோருக்கும் வருகிற தொந்தரவு. நிப்பிளைத் தளர்த்தும்போது அதன் மரை வழியாக வெளிக்காற்றும் உறிஞ்சப்பட்டு டியூபுக்கு வரும். அது குழாய்க்குள் இருந்த காற்று இல்லை. பிரேக்குக்கு அதனால் கெடுதலும் இல்லை. பார்வைக்கு மட்டும் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

மணி ஐந்து. முதுகு வலி. தேர் நிலைக்கு வரும் நேரம். "மரைக் காற்றுதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிப்பிளை மூடினேன். திண்ணையிலிருந்து அப்பா கேட்டார்: "காத்து நின்னுடுச்சாடா?"

"நின்னுடுச்சுப்பா."

கையைக் கழுவிக்கொண்டு தேர் பார்க்கப் போனேன்.

தேருக்குப் பிரேக் எது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே ஓடும் ஆட்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் கையில் முட்டுக்கட்டை. சரியான நொடியில், சரியான கோணத்தில், அத்தனை பெரிய சக்கரத்துக்குக் கீழே கட்டையைப் போட்டுக் கையை எடுக்கவேண்டும். தேர் திரும்புவதும் நிற்பதும் அதில்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், அங்கே முட்டுக்கட்டை போடுபவர்களுக்கு வேலை போகவில்லை. ஆனால் தமிழில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் கெட்ட பெயர்! உயிரைக் காப்பாற்றுகிறவனுக்கு நாம் கொடுத்த மரியாதை இது. கூட்டத்தில் ஒருவர் கை தூக்குகிறார், ஒருவர் கத்துகிறார், ஒருவர் கட்டையை வீசுகிறார். ஒருவர் தப்பு செய்தால் பத்துப் பேர் திட்டுகிறார்கள். அங்கே யாரும் 'மரைக் காற்றுதான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நகர முடியாது.

தேர் நிலைக்கு வந்ததும் மகாலிங்க சுவாமி கோயிலுக்குள் போனேன். கிழக்கு வாசலில் பிரம்மஹத்தி உட்கார்ந்திருக்கிறது. வரகுண பாண்டியன் கதை உங்களில் பலருக்குத் தெரியும். வேட்டை முடிந்து இருட்டில் திரும்பும்போது, வழியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிராமணரை அவன் குதிரை மிதித்துவிட்டது. அவர் இறந்துபோனார். அரசன் வேண்டுமென்று செய்யவில்லை, பார்க்கவே இல்லை. ஆனாலும் பிரம்மஹத்தி விடாமல் பிடித்துக்கொண்டது. மதுரை சொக்கநாதர் சொன்னபடி திருவிடைமருதூர் வந்து கிழக்கு வாசலில் நுழைந்தான். அது வெளியிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான். இன்றைக்கும் பக்தர்கள் பலர் கிழக்கே நுழைந்தால் கிழக்கே திரும்புவதில்லை.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கதையில் கோபம். தெரியாமல் நடந்ததற்கு எப்படிப் பாவம் வரும்? இது நம் ஊர்க் கேள்வி மட்டும் இல்லை. தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1976-ல் தன் கட்டுரை ஒன்றில் கிட்டத்தட்ட இதே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறார், குதிரைக்குப் பதில் லாரி. டிரைவர் பிரேக்கைச் சோதிக்காமல் விட்டுவிட்டார். குழந்தை குறுக்கே ஓடிவந்தால் வாழ்நாள் முழுக்க அவருக்குத் தூக்கம் போச்சு. வராவிட்டால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். அலட்சியம் இரண்டிலும் ஒன்றுதான். குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. பின்னே எதற்காக அவரை எடை போடுகிறோம்? நேகல் கேள்வியை விடை சொல்லித் தீர்த்துவிடவில்லை. எனக்கும் அது தீராது. பிரம்மஹத்திக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. வரகுணனுக்கு உண்மையாகவே தெரியாது. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாதே! நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பெயர் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி ஜாக்கியை வைத்தேன். சக்கரத்தைக் கழற்றி, நிப்பிள் உள்ளே போகிற இடத்தைச் சுற்றிக் கனமாகக் கிரீஸ் தடவினேன். மரை அடைபடும். பம்ப் செய்தபோது குமிழி குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. இனி ஒரே வழிதான். மிதித்துத் தள்ளும்போது உள்ளேயிருந்து வெளியே அழுத்தம். மரை வழியாகக் காற்று உள்ளே வர வழியில்லை. அப்போதும் குமிழி வந்தால் அது குழாய்க் காற்றுதான்.

"அப்பா, ஒரு தரம் வந்து மிதிக்கிறீங்களா?"

"நின்னுடுச்சுன்னியே?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் மேலே, நான் கீழே. டியூபின் நுனி பாட்டிலில் ஆயிலுக்குள் மூழ்கியிருந்தது. "மிதிங்க... பிடிங்க." டியூபில் இருந்த காற்று முதலில் போனது. அப்புறம் ஆறு தடவை. ஒரு குமிழிகூட வரவில்லை. பெடல் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மிதித்தபடியே ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னேன். முதலில் கொஞ்சம் இறங்கியது, அது இயல்பு. அதற்குமேல் இறங்கவில்லை.

"அப்ப முன்னாடியே சரியாத்தான் இருந்துதா? சும்மாவா என் முட்டியை வாங்கினே?"

நியாயமான கேள்வி. மாலை ஐந்து மணிக்கு நான் நினைத்தது உண்மை என்று ஏழரைக்குத் தெரிந்தது. ஐந்து மணிக்கு எனக்கு அது தெரியாது. முதுகு வலித்தது, தேர் போய்க்கொண்டிருந்தது; அதனால் நம்பினேன். கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1877-ல் ஒரு கப்பல் முதலாளியைப் பற்றி எழுதினார். கப்பல் பழசு என்று அவனுக்குச் சந்தேகம். இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்ததே என்று தன்னையே சமாதானப்படுத்தி, மனப்பூர்வமாக நம்பி, ஏழைப் பிரயாணிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிடுகிறது. கிளிஃபோர்ட் அதோடு விடவில்லை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் இம்மியும் குறையாது என்கிறார். அவன் எதை நம்பினான் என்பதல்ல, நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருந்ததா என்பதுதான் அவர் கேள்வி. அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முழங்காலைத் தடவிக்கொண்டே, 'அவனுக்கென்ன, மிதிச்சது நான்' என்றிருப்பார்.

பொய்யான சாக்கைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்களுக்கும் இது நடந்திருக்கும். ரிப்போர்ட்டில் ஒரு எண் இடிக்கிறது. 'ரவுண்டிங்கில் வந்திருக்கும்' என்று விட்டுவிடுகிறீர்கள். கேஸ் வாடை லேசாக வருகிறது. 'பக்கத்து வீடு' என்று திரும்பிப் படுக்கிறீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது ரவுண்டிங்தான், பக்கத்து வீடுதான். தொல்லையே அதில்தான் இருக்கிறது.

ராத்திரி ஒன்பதரைக்கு, தேர் பார்க்க வந்திருந்த அத்தையை அவர் கிராமத்தில் விடக் கிளம்பினேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். சம்பா அறுப்பு முடிகிற நேரம். ஒற்றை ரோட்டில் பாதியை நெல் பிடித்திருந்தது. பகலில் காயவைத்ததைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். வளைவு திரும்பியதும் லைட் வெளிச்சத்தில் ஒரு குவியல். அதற்கு இந்தப் பக்கம், தார் ரோட்டிலேயே, தலை வரை போர்த்திக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். நெல்லுக்குக் காவல்.

மிதித்தேன். வண்டி பத்தடி முன்னாலேயே நின்றது.

"யாருடா அது, நடு ரோட்டுல?" என்றார் அத்தை.

வெளிச்சம் முகத்தில் பட்டதோ என்னவோ, அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் புரண்டு படுத்தார். ஹாரன் அடிக்காமல், வலது பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி, மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனேன்.