சந்திராட்டமமும் அறமும்

சந்திராட்டமமாவது, ஒருவர் பிறந்த இராசிக்கு எட்டாம் இராசியிற் சந்திரன் சஞ்சரிக்குங் காலமாம். மேடத்திற் பிறந்தார்க்கு எட்டாமிடம் விருச்சிகம். சந்திரன் பன்னிரண்டு இராசிகளையும் ஏறக்குறைய 27 நாளிற் சுற்றி வருதலின், ஓரிராசியில் 2¼ நாளளவே தங்குவான். ஆகவே ஆண்டிற் சுமார் 30 நாள் இக்காலம் யாவர்க்கும் உண்டு.

இந்நாளிற் புதுமுயற்சி, நெடும்பயணம், வழக்கு முதலியன தவிர்த்தல் மரபு. கோவைக் காந்திபுரத்தார் நாட்காட்டி நோக்கிப் பயணத்தை ஒத்திவைத்தலை யாம் இகழ்வதில்லை. ஆயின், நோயுற்றாரைக் காணுதலையும், குறித்த தவணையிற் கடன் தீர்த்தலையும் அதுகொண்டே ஒத்திவைத்தல் தகுமோ எனின், தகாதென்க.

என்னை? கோள்கள் சடமாதலின் தாமே பயன் தரமாட்டா. அவை வினையின் வரவை அறிவிப்பன. வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தத் துணிபு. அறிவிப்பதற்கு அஞ்சி ஊட்டுவோனை மறத்தல் பேதைமையாம். அன்றியும், கடமை தவறுதலால் வருவது புதுவினை. அதனை எந்நாளும் விலக்காது.

திருமறைக்காட்டில் அப்பரடிகள் கோள்நிலை நன்றன்றென அன்பினால் தடுப்பவும், சம்பந்தப்பெருமான் கோளறு பதிகம் அருளி மதுரைக்கு எழுந்தருளினார். மங்கையர்க்கரசியார் அழைப்பு நாட்பார்த்தற்கு உரியதாயிருந்திலது. நங்கொங்கு நாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரிலும், அடியாரை வருத்திய பனிச்சுரம் அந்நிலத்தின் இயல்பென்று கேட்டு வாளாவிராது, திருநீலகண்டப் பதிகம் அருளித் தீர்த்தார். இயல்பை மறுத்தாரல்லர், அதன்கண் அடங்கியிருந்தாருமல்லர்.

ஆதலின் அன்பர்காள், தம்பொருட்டாம் முயற்சிக்கு நாள் பார்க்க. பிறர் துயர் தீர்த்தற்கு நாள் பாரற்க.